நாற்காலி அளவு

நாற்காலி அளவு என்ற சொல் எந்த அகராதியிலும் கிடையாது. தென்துருவக் கடலோரத்தில் இருந்த ‘தென்முகம்’ ஆய்வு நிலையத்தில் குளிர்காலம் கழித்தவர்களுக்கு மட்டும் தெரிந்த சொல் அது. வெளியே போய் அளக்க வேண்டிய ஒன்றை, புயலுக்குப் பயந்து, உள்ளே சூடான அறையில் உட்கார்ந்தபடியே ‘அளந்து’ எழுதிவிடுவதற்கு அந்தப் பெயர். புதிதாக வருபவர்களிடம் யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. இரண்டாவது மாதத்தில் அவர்களே தெரிந்துகொள்வார்கள்.

அந்தச் சொல் காதில் விழுந்தால் நிலையத் தலைவி டாக்டர் பிலோமினா எழுந்து போய்விடுவாள். அதை நிலையத்தில் பழக்கமாக்கியவளே அவள்தான்.

அது ஜனவரி மாதம், சூரியன் மறையாத காலம். நூற்றுப் பதின்மூன்றாம் கம்பின் அருகே அவளும் வண்டி மெக்கானிக் அய்யம்பெருமாளும் இடுப்பில் ஒரே கயிற்றைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்கள். கம்பு என்றால் மூங்கில் கம்பு. நிலையத்திலிருந்து நாற்பது கிலோமீட்டருக்கு நூற்றிருபது கம்புகள் பனியில் நட்டிருந்தன. இரும்பு வெயிலில் சூடேறித் தன்னைச் சுற்றிய பனியை உருக்கிக்கொண்டு சாய்ந்துவிடும். மூங்கில் ஆண்டுக்கணக்கில் அப்படியே நிற்கும். ஒவ்வொரு கம்பின் அடியிலும் உயரம் அளக்கும் மானியை வைத்து இருபது நிமிடம் காத்திருந்தால், அந்த இடத்தில் பனியின் உயரம் இத்தனை என்று விரற்கடை சுத்தமாகச் சொல்லிவிடும்.

“இன்னொரு தடவ வைங்க டாக்டரம்மா. இந்த மெசினுக்கும் குளிரு புடிச்சிருக்கும்” என்றார் அய்யம்பெருமாள். சங்கரன்கோவில்காரர். தென்முகத்தில் இது அவருக்கு ஐந்தாவது முறை.

“மூணு தடவ வச்சாச்சு. அதேதான் சொல்லுது.”

“என்னன்னு?”

“ஆறு மீட்டர் எறங்கியிருக்கு.”

அய்யம்பெருமாள் காலுக்குக் கீழே பார்த்துக்கொண்டார். ஆறு மீட்டர் என்றால் இரண்டு மாடி. பார்வைக்கு அந்த வெள்ளை வெளி எப்போதும் போலத்தான் இருந்தது.

“எறங்குனா என்ன ஆவும்?”

“இந்த எடத்துலதான் பனிக்கட்டி கடைசியாத் தரையத் தொட்டுக்கிட்டு நிக்கு. இதத் தாண்டுனா கடலு, அதுமேல மிதக்கத்தான் செய்யும். கதவுக்கு அண்டை கொடுத்து வச்ச கல்லு மாதிரின்னு வச்சுக்கிடுங்க. கடல்தண்ணி கொஞ்சம் சூடானாலும் அடியப் போயி அரிச்சிரும். கல்லு நகந்துட்டா, பின்னால இருக்கிற அம்புட்டுப் பனியும் கடலுக்குத்தான். கடல் ஏறுனா எங்க போவும்? நம்ம வாசலுக்குத்தான்.”

“அப்போ நாம இத்தன வருசமா எழுதுனது…” என்று ஆரம்பித்தவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். நான்கு குளிர்காலப் பதிவேடுகளில் சாட்சி என்ற இடத்தில் அவருடைய கையெழுத்து இருந்தது.

நூற்று ஒன்று முதல் நூற்றிருபது வரையிலான கம்புகளுக்குப் பக்கத்தில் இந்தக் கோடை வரை பதினோரு வருடமாக ஒரு மனிதக் கால்கூடப் போனதில்லை என்பதுதான் விஷயம். பதினோரு வருடத்துக்கு முன் நூற்று நான்காம் கம்பருகே பனிப் பிளவு ஒன்று வாயைத் திறந்து வயிரவனை விழுங்கிற்று. காரைக்குடிக்காரன், பிலோமினாவோடு ஆராய்ச்சிப் படிப்பு படித்தவன், ஒரே கூடாரத்தில் ஒரே டப்பாவில் சாப்பிட்டவன். கயிற்றில் ஆறு மணி நேரம் தொங்கினான். மேலே இழுத்தபோது உயிர் இருந்தது, இடது பாதம் போய்விட்டிருந்தது. அன்றைக்கே பிலோமினா, நூறாம் கம்பைத் தாண்டி யாரும் போகக்கூடாது என்று உத்தரவு போட்டாள்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஆனால் சென்னையிலிருந்த துருவ ஆய்வு வாரியம் அட்டவணையில் காலியிடத்தைக் கண்டால் பேயைக் கண்டது போல் பயப்படும். நூற்றுக்கு ஐந்து இடம் காலியாக இருந்தால் ‘பதிவுத் தொடர்ச்சி குறைவு’ என்று கடிதம் வரும். மறுவருடம் ஒதுக்கீடு குறையும். அதற்கு முந்தைய வருடம்தான் அப்படி ஒரு கடிதத்தால் நிலையத்து மருத்துவரை இழந்திருந்தார்கள். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக நிலையம் சுருங்கிக்கொண்டிருந்தது. இருபது கம்புகளைக் காலியாக விட்டால் கட்டெறும்பும் மிஞ்சாது. ஆகவே பிலோமினா பழைய அளவுகளை முன்னால் வைத்துக்கொண்டு, கொஞ்சம் கூட்டிக் கொஞ்சம் குறைத்து, இருபது இடத்தையும் நிரப்பினாள். அவள் கெட்டிக்காரி, பொய்யும் கெட்டிக்காரத்தனமாகவே அமைந்தது. மருத்துவமனையில் படுத்திருந்த வயிரவன் “எப்படிப் போறீங்க?” என்று கேட்டபோது, “வேற பாதை கண்டுபுடிச்சுட்டோம்” என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அவனுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னாள்.

இந்த வருடம் மட்டும் ஏன் போனார்கள் என்றால், போகாமல் முடியாது. இந்த முறை மானியே நேரத்தையும் இடத்தையும் முத்திரை குத்தி நேராக வாரியத்துக்கு அனுப்பியது. நாற்காலி செல்லுபடியாகாது. ஒன்பது நாள், கோலால் பனியைக் குத்திப் பார்த்துக் குத்திப் பார்த்து நடந்தார்கள். இருபதில் எட்டுக் கம்புகளைக் காணவே காணோம். கிடைத்த பன்னிரண்டிலும் பனி இறங்கியிருந்தது.

முத்திரைக்குக் காரணம் ‘நிழல்’.

பாதத்தை இழந்து ஊர் திரும்பிய வயிரவன் பத்து வருடம் உழைத்து உருவாக்கிய கணினி மூளை அது. தென்முகத்தின் பதினெட்டு வருடப் பதிவுகளையும் வரி விடாமல் படித்து, நாளைக்கு எந்தக் கம்பில் என்ன அளவு இருக்கும் என்று அளப்பதற்கு முன்பே சொல்லும். மேலேயிருந்து பனியைப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு செயற்கைக்கோள்களும் ஆயுள் முடிந்து அணைந்துவிட்டன. புதிதாக ஏவ எந்த நாடும் முன்வரவில்லை. நிழலுக்கு ஒரு அறையும் மின்சாரமும் போதும். மற்ற நாடுகள் இதே போன்ற நிழல்களை நம்பி ஐந்து நிலையங்களை மூடியாயிற்று. தென்முகத்துக்கு இந்தக் கோடைதான் பரீட்சை. நிழல் சொன்னதும் மனிதர்கள் அளந்ததும் ஒத்துப்போனால், நிலையத்துக்குப் பூட்டு.

நிலையத்துக்குத் திரும்பிய மறுநாள் திரையில் வயிரவன் வந்தான். முகமெல்லாம் பல்.

“நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு, பிலோமி! நானே எதிர்பாக்கலைங்கிறேன்.”

“கடைசிக் கம்புக?”

“அதுல கிடைச்ச பன்னெண்டும் ஒத்துவரலை. கணக்குல சேக்காம நிழலே கழிச்சிருச்சு. கம்பு சாஞ்சிருக்கும், இல்லாட்டி மானி கெட்டிருக்கும். பதினோரு வருசப் பதிவு ஒரு பக்கம், ஒம்பது நாள் அளவு ஒரு பக்கம். எதை நம்புறதுன்னு நீயே சொல்லு.”

“கம்பு சாயல வயிரவன். நான் கண்ணால பாத்தேன்.”

“அப்ப உன் பதிவு பொய்யா?” என்று சிரித்தான்.

பிலோமினா சிரிக்கவில்லை. அவன் அதைக் கவனிக்கவுமில்லை. “நிலையத்தை மூடுறது உனக்கு எவ்வளவு வருத்தம்னு எனக்குத் தெரியும். ஆனா இனிமே ஒருத்தன் கயித்துல தொங்கிக்கிட்டு ஆத்தான்னு அலற வேணாம்ல? அதுக்காகத்தான் இதைச் செஞ்சேன். வேற எதுக்குமில்லை” என்றான். காற்று வலுக்கிறது, பிறகு பேசலாம் என்று அவள் தொடர்பைத் துண்டித்தாள். காற்றே இல்லை அன்றைக்கு.

சாப்பாட்டு மேசையில் கைப்பேசியைத் திறந்தால் தம்பி ரீகனின் செய்தி. ஊர் தூத்துக்குடிப் பக்கம், கீழமணல்குடி. கடலோரம் நெடுக அரசு தடுப்புச் சுவர் கட்டப்போகிறது. எவ்வளவு உயரம் என்பதைத் தீர்மானித்தது, கடல் எவ்வளவு ஏறும் என்று நிழல் முன்கூட்டியே போட்டுத் தந்த கணக்கு. “அக்கா, சுவருக்கு எல்லைக் கல்லு நட்டுட்டாங்க. நம்ம வீடு பாதுகாப்பான பக்கமாம். அம்மா படத்துக்கு மாலை போட்டேன்” என்று எழுதியிருந்தான். பிலோமினா சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்தாள்.

வண்டிக் கொட்டகைக்குப் போனாள். அய்யம்பெருமாள் பனிவண்டிக்கு அடியில் படுத்திருந்தார்.

“சொல்லாம இருந்துட்டா என்ன ஆவும் டாக்டரம்மா?” என்று அடியிலிருந்தே கேட்டார். எதைப் பற்றி என்று அவள் கேட்கத் தேவையிருக்கவில்லை.

“ஒண்ணும் ஆவாது. நிலையத்தப் பூட்டுவாவ. நான் மரியாதையா ஓய்வு வாங்கிட்டு ஊருக்குப் போவேன். வயிரவனுக்குப் பெரிய பேரு வரும். சுவரக் கட்டுவாவ, குட்டையா. இருபது முப்பது வருசம் யாருக்கும் ஒண்ணும் தெரியாது.”

“சொன்னா?”

“பதினோரு வருசம் பொய் எழுதுனவளுன்னு என் பேரு நாறும். வயிரவன் பத்து வருச உழைப்பு மண்ணாப் போவும். அவன் காலும் போச்சு, இதுவும் போச்சுன்னு ஆயிரும். ஒம்ம கையெழுத்தும் இருக்கே அய்யம்பெருமாள். நான் சொல்லித்தான் போட்டியன்னு சொல்லிருதேன்.”

அவர் வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டார். “நான் ஒண்ணு சொல்லுதேன், தப்பா எடுத்துக்கிடாதிய. எங்க பக்கம் சில லாரிக்காரன், சூடு காட்டுத முள்ளு கெட்டுப்போச்சுன்னா, டிரைவரு பயந்துரக் கூடாதேன்னு முள்ள நடுவுல பசை வச்சு ஒட்டிருவான். அப்படி வந்த வண்டிய நான் எத்தனையோ பாத்துட்டேன். எஞ்சின் வெந்துபோயித்தான் வரும்.”

“டிரைவரு மேல எரக்கப்பட்டுத்தான் ஒட்டுனேன்.”

“தெரியும். பொறவு, என் கையெழுத்தப் பத்தி நீங்க கவலப்படாதிய. படிக்காமப் போட்டேன்னு சொன்னா அது இன்னொரு பொய்யில்லா? படிச்சிட்டுத்தான் போட்டேன்.”

அவர் மறுபடி வண்டிக்கு அடியில் போய்விட்டார். பிலோமினா அறைக்குப் போய்ப் பதிவேடுகளைப் பிரித்தாள். எது நடந்து அளந்தது, எது நாற்காலி என்று பட்டியல் போட இரண்டு நாள் ஆயிற்று. தன் பொய்யைத் தானே அடையாளம் கண்டுபிடிப்பது அவ்வளவு லேசான வேலை இல்லை. சில இடங்களில் அவளுக்கே சந்தேகம் வந்தது.

வாரியக் கூட்டம் வெள்ளிக்கிழமை. தலைவர் வத்ஸலா அம்மையார் அளந்து பேசுகிறவர், தவறு செய்தவர்களிடம் இன்னும் மெதுவாகப் பேசுகிறவர். திரையில் ஆறு முகங்கள். ஓரத்தில் வயிரவன், புதுச் சட்டையில்.

பிலோமினா சுற்றி வளைக்கவில்லை. “நூத்தி ஒண்ணுலேருந்து நூத்திருபது வரைக்கும் பதினோரு வருஷ அளவுகள் நான் கற்பனையாக எழுதினவை. மத்தக் கம்புகள்லயும் புயல் வாரங்கள்ல அப்படி நடந்திருக்கு. பட்டியல் அனுப்பியிருக்கேன். நிழல் கடைசிக் கம்புகள்ல சொல்றது என் பொய்யை. அதைத் திருப்பி எனக்கே சொல்லுது. இப்போ அளந்ததுதான் நிஜம்” என்றாள்.

வத்ஸலா அம்மையார் கண்ணாடியைக் கழற்றினார்.

“போக முடியவில்லை என்றால் காலியாக விட்டிருக்கலாமே, டாக்டர்?”

“காலியா விட்டா என்ன நடக்கும்னு வாரியத்தோட கடிதத்துல இருந்தது மேடம்.”

அந்த அம்மையார் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். கடிதத்தில் கையெழுத்துப் போட்டவர் அவருக்கு முன்னால் தலைவராக இருந்தவர். இன்னொரு உறுப்பினர், இளைத்த முகமும் கூர்மையான குரலும் கொண்டவர், முன்னால் சாய்ந்தார்.

“பதினோரு வருஷம் பொய் எழுதினவங்க இன்னைக்கு உண்மை எழுதுறாங்கன்னு நாங்க எப்படி நம்புறது? நிலையத்தை மூடப்போற நேரத்துல ஆறு மீட்டர் இறங்கிடுச்சுன்னு சொல்றீங்க. மானியைப் பள்ளத்துல வச்சிருந்தா?”

இந்தக் கேள்வி வரும் என்று அவள் நினைத்தே பார்க்கவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டால் நம்பிவிடுவார்கள் என்று ஒரு குழந்தைத்தனமான எண்ணம் அவளுக்குள் இருந்திருக்கிறது.

“நம்ப வேண்டாம் சார்” என்றாள். “என்னை நீக்கிட்டு வேற யாரையாவது அனுப்பி அளங்க. ஆனா ஒருத்தராவது நேர்ல போய் அளக்கணும். நான் கேக்குறது அது ஒண்ணுதான்.”

இப்போது வயிரவன் சொன்னான்: “வேற பாதை கண்டுபுடிச்சேன்னு சொன்னியே, பிலோமி.” சொல்லிவிட்டுத் திரையிலிருந்து மறைந்தான். அவள் தயாராக வைத்திருந்த மன்னிப்பைக் கேட்க ஆளில்லை.

மறுநாள் உத்தரவு வந்தது. பிலோமினா பணியிடைநீக்கம், இருபத்து மூன்று நாளில் வரும் கப்பலில் திரும்ப வேண்டும். நிழலின் ஒப்புதல் நிறுத்திவைப்பு. நிலையத்தின் எதிர்காலம் பரிசீலனையில். சுவரைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. சாப்பாட்டு மேசையில் அவள் உட்கார்ந்தால் பேச்சு நின்றது. பதினான்கு பேரின் வேலை அவளால்தான் போகப்போகிறது என்று சிலர் நினைத்தார்கள். அவர்கள் நினைத்ததும் முழுக்கத் தப்பில்லை. அவள் தினமும் வயிரவனை அழைத்தாள். தினமும் மணி அடித்து ஓய்ந்தது.

பதினாறாம் நாள் காலையில் அவனே அழைத்தான். ஒரு வாரத்துத் தாடி. கண்கள் உள்ளே போயிருந்தன.

“நாலு நாள் உன்னைத் திட்டினேன். அது முடிஞ்சிருச்சு, அதை விடு” என்றான். “அஞ்சாம் நாள் ஒண்ணு தோணுச்சு. உன் பட்டியலை எடுத்து நிழலுக்குக் காட்டினேன். இது நடந்து அளந்தது, இது நீ பட்டியல்ல எழுதியிருந்த நாற்காலின்னு. ஒரே காலைல கத்துக்கிருச்சு. மனுஷன் மனசால எழுதுற எண்ணு ரொம்ப ஒழுங்கா இருக்குமாம். பனி அவ்வளவு ஒழுங்கு கிடையாது.”

“சரி.”

“பொறகு மத்த நாட்டு நிலையங்களோட பழைய பதிவைக் கொடுத்துப் பாத்தேன். ஒம்பது நிலையம்.” அவன் தண்ணீர் குடித்தான். “ஏழுல இருக்கு, பிலோமி.”

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஏழுலயுமா?”

“காலியிடத்துக்குப் பயந்தது நம்ம வாரியம் மட்டும்னு நெனைச்சியா? எல்லா ஊர்லயும் அதே கதைதாங்கிறேன். ஆனா நிழல் சந்தேகம்னுதான் சொல்லும். எது பொய், எது நிஜம்னு எழுதின ஆளுக்குத்தான் தெரியும். அதனால அங்கெல்லாம் குளிர்காலம் இருந்தவங்க முகவரியைத் தேடிப் புடிச்சு எழுதினேன். உன் வாக்குமூலத்தையும் கூட வச்சேன். உங்கிட்டக் கேக்கலை. மன்னிச்சுக்க.”

“நீ போயி எங்கிட்ட மன்னிப்புக் கேக்கியே” என்றாள். “யாராவது பதில் போட்டாவளா?”

“நாப்பத்தொரு பேர். ஒவ்வொருத்தரும் பட்டியல் போட்டு அனுப்புறாங்க. முதல்ல ஒருத்தர் சொன்னாப் போதும்போல, அடுத்தவன் வாயைத் திறக்க.”

“அப்போ பனி உண்மையில எவ்வளவு போயிருக்கு?”

“தெரியலை. யாருக்கும் தெரியலை. வாரியத்துக்கும் சொல்லிட்டேன், சுவர் கட்டுறவங்களுக்கும் எழுதிட்டேன், என் நிழலை நம்பாதீங்கன்னு. கல்லு நடுறதை நிறுத்தியிருக்காங்க, இப்போதைக்கு.” திரைக்குப் பக்கத்தில் வந்தான். “கப்பலுக்கு இன்னும் ஏழு நாள் இருக்குல்ல? தடமும் இப்ப உனக்குத் தெரியும். உன்னை அங்க போகாதேன்னு தடுக்கத்தான் பத்து வருசம் அதைக் கட்டினேன். இப்ப நானே சொல்றேன். போய் அந்தப் பன்னெண்டையும் இன்னொரு தடவை அளந்துட்டு வா. வாரியம் நம்பாது. நான் நம்புறேன்.”

பிலோமினா தலையாட்டினாள்.

“இன்னொரு விஷயம். முதல்ல வந்த கடிதத்துக்கு எனக்குப் பதில் எழுதத் தெரியலை. தென் அமெரிக்காவோட தெக்கு முனையில ஒரு பெரியவர். எண்பத்தொரு வயசு. படிக்கிறேன் கேளு.”

படித்தான். “ஒன்பது குளிர்காலங்கள் நான் அங்கே இருந்தேன். எங்கள் வடக்கு வரிசையில் நான் எழுதியவற்றில் பாதிக்கு மேல் நான் போய்ப் பார்த்ததில்லை. என் மனைவியிடம்கூட இதைச் சொன்னதில்லை, அவள் இறந்துவிட்டாள். உலகத்தில் நான் ஒருவன்தான் இப்படிச் செய்தேன் என்று இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு உதவி கேட்கிறேன். யாராவது அந்தப் பக்கம் போனால், என் வரிசையை ஒருமுறை அளந்து சொல்லுங்கள். எவ்வளவு தப்பாக எழுதியிருக்கிறேன் என்று சாவதற்குள் தெரிந்துகொள்ள வேண்டும்.”

“அது எந்த நிலையம்?” என்று கேட்டாள்.

“மூடின அஞ்சுல ஒண்ணு. நாலு வருசமாச்சு. பனி மூடி, கூரை எங்க இருக்குன்னே தெரியாதாம். அங்கேருந்து ஆயிரம் கிலோமீட்டருக்குள்ள மனுஷனே கிடையாது.” அவன் காகிதத்தை மடித்தான். “சீக்கிரம் அளந்து சொல்றோம்னு போட்டுரவா? வயசானவரு. நிம்மதியாக் கண்ணை மூடட்டும்.”

அவள் அழுதுகொண்டிருந்தாள். அழுதபடியே கையை உயர்த்தி அவனைத் தடுத்தாள்.

“வேண்டாம் வயிரவன். அங்க போக ஆளில்லன்னே எழுதிரு.”